எரிபொருள் தாங்கி: காற்றுப்போக்கி வேறு, காற்றுவாங்கி வேறு

குழுவினருக்கு வணக்கம்.

லேண்ட்ரோவர் பராமரிப்புக் குறிப்பைத் தமிழாக்கும் தம்பி அனுப்பிய பட்டியலில் எரிபொருள் தாங்கிப் பகுதியைப் பார்த்தேன். தாங்கி, மிதவை, அடிமண்டி எல்லாம் நல்ல சொற்கள். 'துரு' என்பதை மட்டும் 'கறள்' என்று மாற்றிவிடுங்கள். மட்டக்களப்புக் கராச்சுகளில் கறள்தான். எனக்கு இடிக்கிறது, தாங்கியின் இரண்டு காற்று வழிகளைப் பற்றிய இந்த வரி:

> பிறீதர் (breather), வென்ற் (vent) இரண்டுக்கும்: காற்றுப்போக்கி

இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் வண்டிக்காரர் பிழையான இடத்தில் கை வைப்பார். நானே வைத்தேன்.

எங்களுடையது அப்பா காலத்துச் சீரிஸ் டூ, 88 அங்குலம் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்), பெற்றோல் வண்டி. 1958இல் வரத் தொடங்கிய வகை. உடல் அலுமினியக் கலவை என்பதால் வாவிக்கரையின் உப்புக்காற்றைத் தாங்கி நிற்கிறது. தாங்கியோ உருக்குத் தகடு, முன் இருக்கைக்குக் கீழே. வயல் சேறு அதன் விளிம்பில் அப்பிக் காயாமலே கிடந்து, போன மாரியில் ஊசித்துளை விழுந்துவிட்டது. கழற்றி, கழுவி, ஈயம் பற்றவைத்தோம். (சூடு காட்டுமுன் பலமுறை கழுவித் தண்ணீர் நிரப்ப வேண்டும். பெற்றோல் வடிந்த தாங்கிக்குள் ஆவி நிற்கும், அதுதான் வெடிக்கும். இந்த எச்சரிக்கை தம்பியின் குறிப்பில் தடித்த எழுத்தில் வர வேண்டும்.) பழைய மூடியின் றப்பர் போயிருந்ததால் பூட்டுள்ள புது மூடி ஒன்றும் வாங்கிப் போட்டேன்.

அதன்பிறகு வலையிறவுப் பாலம் தாண்டி ஆயித்தியமலைப் பக்கம் போனால் எஞ்சின் இழுத்து இழுத்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் பற்றும், மறுகா நிற்கும். பம்பைப் பிரித்தேன், காபுரேற்றரைக் கழுவினேன். தாங்கியிலிருந்து நிரப்புவாய்க்குப் போகும் சிறிய குழாயையும் ஊதிப் பார்த்தேன், அடைப்பில்லை. காற்று வழி சரி என்று அதோடு விட்டுவிட்டேன். கடைசியில் வயதான மெக்கானிக் ஐயா ஒருவர் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. "மனே, டாங்கி காத்து வாங்குதில்ல" என்றார். புது மூடியில் துளையே இல்லை.

பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் இறங்கும், பம்பால் இழுக்க முடியாது. நான் ஊதிப் பார்த்த குழாயின் வேலை வேறு: நிரப்பும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவது. அது காற்றுப்போக்கிதான். மூடியில் இருப்பதற்கு ஐயா வாயில் வந்ததையே எடுத்துக் 'காற்றுவாங்கி' என்று வைப்போம். ஒலிவாங்கி என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோமே.

— வவுணதீவிலிருந்து

* * *

அண்ணன், பிரிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் விஞ்ஞானப் பாடநூல்களில் 'வளி' நிலைத்துவிட்டது. வளிபோக்கி, வளிவாங்கி என்றால் பிள்ளைகளுக்கும் பொருந்தும். இன்னொன்று, வெயிலில் தாங்கி சூடானால் ஆவி அதே துளையால் வெளியேறும். அப்போது 'வாங்கி' எப்படிச் சரி?

— காரைதீவிலிருந்து

* * *

தங்கச்சி, ஆவி வெளியேறுவது உண்மை. ஆனால் வண்டி நடுவழியில் நிற்பது காற்று உள்ளே வராததால். எந்த வேலை தவறினால் வண்டி நிற்குமோ அந்த வேலையால் பெயர் வைப்பதே பழுது பார்ப்பவருக்கு உதவும். வளி பாடநூலுக்கு அழகு. கராச்சில் அது புழங்காது. காத்து என்றால் கேட்ட உடனே கை மூடிக்குப் போகும். வயலுக்குப் போகும் வண்டிகளில் இந்தத் துளையைச் சேறும் அடைக்கும். துளை உள்ள மூடி போட்டவர்களும் பார்க்க வேண்டிய இடம் அது.

— வவுணதீவிலிருந்து

* * *

அண்ணன், அக்கா, இரண்டு சொற்களையும் பிரித்துவிட்டேன். 'வளிவாங்கி' சொல்லடைவில் மட்டும் இருக்கும். கறளும் மாற்றியாயிற்று. மூடிப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது: "ஓடி ஓடி நிற்கும் வண்டியில் பம்பைப் பிரிக்குமுன் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபட்டால் காற்றுவாங்கி அடைத்திருக்கிறது, அல்லது காற்றுவாங்கி இல்லாத மூடி போடப்பட்டிருக்கிறது."