அரங்குக் காசு பற்றி – ஊருக்குப் போய் வந்த கையோடு

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம், வெளிநாடுகளில் இருக்கிற எங்கள் ஊர்க்காரரின் இந்தக் குழுவில் ஓடிய கதை ஞாபகம் இருக்கும். ஊரில் கலைஞர் கூட்டு என்று இளம் ஆட்கள் சேர்ந்து கூத்தும் பாட்டும் செய்கிறார்கள், அவர்களுக்குச் சீமெந்தில் ஒரு திறந்தவெளி அரங்கு கட்டிக் கொடுப்போம், முகப்பில் மாபிள் பதித்துக் காசு தந்தவர்களின் பெயர் போடுவோம் என்று லண்டன் அண்ணை எழுதினார். முதல் ஆளாக "நல்ல விசயம், நான் தயார்" என்று பதில் போட்டவன் நான். அந்தப் பதிலைத் திருப்பி எடுக்கத்தான் இதை எழுதுகிறேன். அண்ணை கோபிக்கக் கூடாது.

முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு என்று போனேன். பதினொரு வருசத்துக்குப் பிறகு. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல் தண்ணீரில் விளக்கு எரிகிற கிழமை அது. எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் இரசாயனப் பாடம் எடுக்கிறார்கள், சரி, அதை விடுவோம். அந்த ஒரு கிழமைக்குள் கூட்டினரின் மூன்று நிகழ்ச்சிகளைப் பார்த்தேன். அதைவிட முக்கியமாக, நான்கு இரவு ஒத்திகையில் போய்க் குந்தியிருந்தேன். நுளம்புக்கடியோடு.

முதலாவது பாட்டு நிகழ்ச்சி. குளக்கட்டுக்குக் கீழே மருத மரத்தடியில், சாக்கு விரித்து, ஒரே ஒரு ஸ்பீக்கர். அரிவு வெட்டுப் பாட்டு, சூடு மிதிக்கும் பாட்டு (வெட்டிய நெற்கதிரை மாடு விட்டு மிதிக்கும்போது பாடுவது), பன்றிப்பள்ளில் கொஞ்சம், கடைசியில் கும்மி. இப்போது வயலில் இதையெல்லாம் யாரும் பாடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், மெசின் இறங்கினால் மூன்று ஏக்கரைக் காலையிலேயே வெட்டி, அடித்து, மூட்டையாக்கிவிடும், அந்தச் சத்தத்துக்குள் யார் பாடுவது? ஆனால் "பொலி பொலி" என்று அந்தப் பெடியன் எடுத்தவுடன் எனக்குப் பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் தன்பாட்டில் கையால் மாடு திருப்பத் தொடங்கினார். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்றே சொல்ல வேண்டும் என்று அப்பா எங்களை அதட்டியது அந்த நேரம்தான் நினைவுக்கு வந்தது. பாடியவனுக்கு இருபத்திரண்டு வயது, சூடு மிதித்ததை அவன் கண்ணால் கண்டதே இல்லை. தன் அப்பம்மாவைத் தொலைபேசியில் பாட வைத்துப் பதிந்து படித்திருக்கிறான்.

இரண்டாவது தெருவெளி நாடகம், சந்தையடியில், இருபது நிமிசம். நுண்கடன் பற்றியது. சண்டை முடிந்த பிறகு வன்னியில் வீட்டுக்கு வீடு வந்த கடன், அதுவும் கணவன் இல்லாத பெண்களைத் தேடி வந்த கடன், ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து, கிழமைக்குக் கிழமை காசு கேட்டு மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிற கதை. ஆர்மோனியக்காரப் பெடியன்தான் கடன் வசூலிக்க வருகிறவனாக ஹெல்மெட்டோடு வந்தான். அவன் "அக்கா, கிழமைக் காசு" என்றதும், பார்த்துக்கொண்டு நின்ற மரக்கறிக்காரப் பெண் ஒருவர் தராசுக்குப் பின்னால் ஒளிந்து காட்டினார். சந்தையே சிரித்தது. சிரித்து முடிந்த பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. நாடகமாகப் பார்த்தால் இன்னும் திருத்த இடம் இருக்கிறது, கடைசியில் ஒருவர் வந்து புத்தி சொல்லுகிற பகுதி தேவையில்லை, அதை அவர்களிடமும் சொன்னேன். "அது இல்லாட்டில் பெரியாக்கள் கைதட்ட மாட்டினம் அண்ணை" என்றார்கள். அதுவும் உண்மைதான்.

இனி மூன்றாவது. கோவலன் கூத்து.

இங்கே பிறந்த பிள்ளைகள் இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு வரி: மதுரையை எரித்த பிறகு கண்ணகி இந்தப் பக்கம் வந்து ஒவ்வோர் இடமாகத் தங்கினாள், பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளை, அதுதான் வற்றாப்பளை என்று ஊரில் சொல்லுவார்கள். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவியாக வந்து பொங்கித் தரச் சொன்னதும், பேன் பார்க்கத் தலைமயிரை விலக்கிய சிறுவன் அங்கே ஆயிரம் கண்ணைக் கண்டு பயந்ததும் எல்லா அம்மம்மாக்களும் சொன்ன கதை. ஆகவே கோவலன் கூத்து எங்களுக்கு வெளியூர்க் கதை இல்லை, பக்கத்து வீட்டில் நடந்தது மாதிரி. எங்கள் பக்கத்து ஆட்டத்தை முல்லைமோடி என்று தனியாகவே சொல்லுவார்கள், வடமோடி தென்மோடி என்கிற கூத்து வகைகளைப் படித்தவர்கள் பார்த்தால் அடவும் மெட்டும் வேறாக இருப்பது தெரியும். முன்பு விடிய விடிய ஆடினார்கள். இப்போது மூன்று மணித்தியாலமாகக் குறைத்திருக்கிறார்கள், நான் பழைய ஆள், எனக்கு அது குறைதான், ஆனால் ஒன்பது மணிக்கு வந்த சனம் பன்னிரண்டு வரைக்கும் எழும்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கண்ணகியாக ஆடியது ஒரு பெண்பிள்ளை. எங்கள் காலத்தில் மீசை வழித்த மாமாமார்தான் கண்ணகியும் மாதவியும். இந்தப் பிள்ளை பகலில் தையல் தொழிற்சாலையில் வேலை. ஐந்தரைக்கு விட்டால் கம்பனி பஸ்ஸில் வந்து இறங்க ஆறரை, குளித்துச் சாப்பிட்டு ஏழரைக்கு ஒத்திகை, பத்து மணிக்கு யாராவது மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட வேண்டும். அவளுடைய வீட்டுப் பக்கம் இரவில் யானை இறங்குகிறது, அதனால் ஒருவர் போதாது, முன்னுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பின்னுக்கு ஒன்று என்று இரண்டாகப் போகிறார்கள். பெற்றோல் விலை உங்களுக்குத் தெரியும். நான்கு இரவும் இந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சப் பேர் வராத நாளில் கேட்டால் "எண்ணெய் இல்லை" என்பார்கள், எனக்கு முதலில் சாட்டு என்றுதான் பட்டது.

சிலம்புக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பாண்டியன் சபையில் கண்ணகி சிலம்பை எறிய, அது உடைந்து பரல் தெறிக்க வேண்டும். இதற்காக ஒரு பெடியன் களிமண்ணில் சிலம்பு செய்து, வெயிலில் காயவைத்து, உள்ளே குன்றிமணி போட்டு, மேலே பொன்தாள் ஒட்டினான். அருமையாக உடையும், சிவப்பாகச் சிதறும், நானே ஒத்திகையில் கண்டேன். பிழை எங்கே என்றால், எறிகிற கை பழக வேண்டும் என்று ஒவ்வொரு இரவும் ஒன்று உடைத்து, அரங்கேற்றத்துக்கு வைத்திருந்த கடைசிச் சிலம்பை, அரங்கேற்றத்துக்கு முந்தின வெள்ளுடுப்பு ஒத்திகை அன்றைக்கு யாரோ மிதித்துவிட்டார்கள். புதிதாகச் செய்து காயவைக்க நாள் இல்லை. கடைசி நேரத்தில் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி வளைத்துப் பொன்தாள் சுற்றிக் கொடுத்தார்கள்.

அன்று இரவு அவள் அந்தக் கட்டத்துக்கு வந்தாள், குரல் நன்றாக ஏறியிருந்தது, பிற்பாட்டுக்காரரும் பிடித்துக்கொண்டார்கள், மத்தளம் இறுகி நிற்க, எறிந்தாள். குழாய் எங்கே உடையும்? ஆடுகளத்தில் பட்டுத் துள்ளி, உருண்டு உருண்டு, தன் வேலை முடிந்து ஓரத்தில் வேர்வை துடைத்துக்கொண்டு இருந்த தட்டானின், அதாவது கதையில் வருகிற பொற்கொல்லனாக ஆடியவனின், காலடியில் போய் நின்றது. களவு எடுத்தவனிடமே சிலம்பு திரும்பிப் போய்விட்டது! சனம் வெடித்துச் சிரித்தது. அந்தப் பிள்ளை சிரிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. பாட்டை விடாமல் தட்டானிடம் நடந்து போய், குனிந்து எடுத்து, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி வந்து பாண்டியன் முன்னால் இரண்டாம் தரம் எறிந்தாள். இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் ஒரு அம்மா "தாயே" என்று கையெடுத்துவிட்டார். சிலம்பு அப்போதும் உடையவில்லை.

பிறகு கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் கேட்டேன், அது எப்படி அந்தப் பிள்ளைக்குத் தோன்றியது என்று. "மூன்று மாதம் பழகினவள், கால் எங்கே போகவேணும் எண்டு காலுக்குத் தெரியும்" என்றார். நான் மனம் மாறியது அந்த இடத்தில்தான்.

அண்ணாவியாரை உங்களில் கனபேருக்குத் தெரியும், பெயர் போடவில்லை, அவருக்கு இப்படி எழுதுவது பிடிக்காது. 2009இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது ஆர்மோனியத்தை இரண்டு உரப்பையில் சுற்றி வளவில் தாட்டுவிட்டு, கூத்துக் கொப்பியை மட்டும் பொலித்தீனில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம் என்று கொண்டு திரிந்திருக்கிறார். மீள்குடியேறி வந்து கிண்டியபோது பலகையைக் கறையான் தின்றுவிட்டது, பித்தளை நாக்குகள் மட்டும் மிச்சம். அவற்றை ஒரு பால்மாப் பேணியில் போட்டு வைத்திருக்கிறார். எனக்குக் குலுக்கிக் காட்டினார். இப்போது இருப்பது இரவல் ஆர்மோனியம், துருத்தியில் ஓட்டை, வாசிப்பவன் முழங்காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறான். மத்தளத்தில் ஒரு பக்கத் தோல் கிழியப் பார்க்கிறது. புதுத்தோல் போட யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனால் வருகிற வரைக்கும் ஒத்திகை இல்லை.

இப்போது அரங்குக்கு வருகிறேன். அவர்களிடம் நேராகவே கேட்டேன், மேடை கட்டித் தந்தால் என்ன என்று. மரியாதைக்கு "நல்லம் அண்ணை" என்றார்கள். அந்தக் கண்ணகிப் பிள்ளைதான் உடைத்துச் சொன்னாள்: "கோயில் வீதியில ஆடினால் சனம் வரும். மேடைக்குச் சனத்தை நாங்கள்தான் ஏத்திக்கொண்டு வரவேணும்." அது சரியான பேச்சு. கூத்துக்கு வட்டக் களரியும் சுற்றிவரச் சனமும் போதும், மூன்று பக்கம் சுவர் வைத்தால் ஆட்டக்காரர் ஒரு பக்கம் மட்டும் பார்த்து ஆடப் பழகிவிடுவார்கள். தெருவெளி நாடகத்துக்கு மேடையே கூடாது. அத்தோடு, நம் பக்கத்தில் இப்படி வெளிநாட்டுக் காசில் எழும்பிய கட்டடங்கள் சிலவற்றையும் இந்தப் பயணத்தில் பார்த்தேன், எந்த ஊர் என்று சொல்லவில்லை, ஒன்றில் நெல் காய்கிறது, ஒன்றில் ஆடு படுக்கிறது. மாபிளில் பெயர்கள் மட்டும் பளபளப்பாக இருக்கின்றன.

என் யோசனை இவ்வளவுதான். அரங்குக்கு என்று சேரும் காசில் நான்கில் ஒரு பங்கு போதும். ஒத்திகை இரவுகளுக்குப் பெற்றோல். பாணும் சம்பலும் பிளேன்ரீயும், வேலையால் நேராக வருகிற பிள்ளைகள் வெறுவயிற்றில் ஆடுகிறார்கள். ஒரு நல்ல ஆர்மோனியம், மாற்றி வாசிக்க மேலதிக மத்தளம் ஒன்று. களிமண்ணுக்குக் காசு வேண்டாம், குளத்தில் இருக்கிறது. அண்ணாவியாருக்கு மாதாமாதம் ஒரு தொகை, அதற்கு அவர் சம்மதிக்க மாட்டார், கொப்பியைப் பிரதி எடுக்கிற கூலி என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். மிச்சத்தை வங்கியில் போட்டு வருசா வருசம் எடுப்போம். கணக்கை அவர்களே எழுதட்டும், நாங்கள் பற்றுச்சீட்டுக்கு மேல் பற்றுச்சீட்டுக் கேட்டு அவர்களையும் எங்களைப்போலச் செயலாளர் பொருளாளர் ஆக்கிவிடக் கூடாது. பிரான்ஸ் கிளையில் இதற்கு மறுப்பு இருக்கும் என்று தெரியும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று சித்தப்பா கட்டாயம் கேட்பார். சித்தப்பா, அடுத்த வைகாசிக்கு ரிக்கெற் போடுங்கோ, முன்வரிசையில் பாய் விரித்து வைக்கச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு உதவி, இதற்குக் காசு வேண்டாம். அண்ணாவியாரின் கொப்பியில் தண்ணீர் பட்டு நான்கைந்து பக்கம் ஒட்டிப்போய்விட்டது. தட்டான் வரவுப் பாட்டில் மூன்றாவது சரணத்தில் இருந்து காணவில்லை, அவருக்கும் மறந்துவிட்டது, இப்போது ஆடும்போது முதல் இரண்டையுமே திருப்பிப் பாடிச் சமாளிக்கிறார்கள். எங்கள் ஊரில் எழுபதுகளில் தட்டான் ஆடியவர்களில் இரண்டு பேராவது கனடாவிலும் ஜெர்மனியிலும் இருக்கிறீர்கள். அல்லது உங்கள் அப்பாவின் பெட்டியில் பழைய கொப்பி ஏதாவது கிடக்கலாம், தயவுசெய்து ஒருக்கால் கிளறிப் பாருங்கள். ஒரு வரி ஞாபகம் வந்தாலும் போதும், மெட்டோடு பாடிப் பதிந்து எனக்கு அனுப்புங்கள். நேரே பேச விருப்பம் என்றால் அண்ணாவியார் அங்கத்தைய நேரம் இரவு 7 மணிக்குப் பிறகு வீட்டில்தான், எங்களுக்கு ரொறன்ரோவில் கோடை நேரப்படி காலை 9.30. கொஞ்சம் உரத்துப் பேச வேண்டும், இடது காது கேட்காது.