கைப்பை பத்து கிலோ, கல்சட்டி மூன்று கிலோ

குழு: கும்பகோணம் வீடு

அம்மா: கவி, சிங்கப்பூருக்கு உன்னிடம் வரப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். நீ கேட்ட கல்சட்டி வாங்கியாயிற்று. கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கி வைத்திருக்கிறேன். அதைக் கையிலேயே கொண்டுவருகிறேன். லக்கேஜில் போட்டால் உடைத்துவிடுவார்கள்.

நான்: எவ்வளவு எடை அம்மா?

அம்மா: சட்டி மட்டும் மூன்று கிலோ இருக்கும்.

நான்: கைப்பையில் வேறு என்னென்ன?

அம்மா: அதிரசம், முறுக்கு, பருப்புப் பொடி, காபிப் பொடி ஒரு கிலோ, நெய் பாட்டில், நார்த்தங்காய் ஊறுகாய், கொப்பரை இரண்டு, அப்பாவின் மாத்திரை டப்பா.

நான்: மொத்தம்?

அம்மா: தூக்க முடிகிறது.

மீனா அத்தை: 😀😀

அப்பா: கைப்பையை எவன் எடை போடுகிறான்? நான் டெல்லிக்கு எத்தனை தடவை போய் வந்திருக்கிறேன், ஒருவனும் கேட்டதில்லை. பயப்படாமல் கட்டு.

பிரபு அண்ணா: சித்தப்பா, டெல்லி வேறு, இது வேறு. திருச்சி–சிங்கப்பூர் என்றால் கட்டாயம் எடை போடுவார்கள். டிக்கெட் எதில்?

நான்: ஸ்கூட். ஆளுக்கு 20 கிலோ செக்-இன் வாங்கியிருக்கிறேன்.

பிரபு அண்ணா: அப்படியென்றால் கைக்கு ஆளுக்கு 10 கிலோ. ஒரு பை, கூடவே ஒரு சின்னப் பை. இரண்டும் சேர்ந்துதான் 10. பெரிய பை 54×38×23 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஏர் ஏஷியாவாக இருந்திருந்தால் இரண்டு பைக்கும் சேர்த்து 7 கிலோதான். இண்டிகோவில் பைக்கு 7 கிலோ, லேப்டாப் பையோ லேடீஸ் பையோ இருந்தால் அதற்குத் தனியாக 3 கிலோ. கூட்டிப் பார்த்தால் ஸ்கூட்டும் இண்டிகோவும் ஒன்றுதான், பிரிக்கிற விதம்தான் வேறு.

அப்பா: எழுதி வைத்திருப்பார்கள் பிரபு. பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பிரபு அண்ணா: ஏர்போர்ட்டில் டியூட்டியில் இருக்கிறேன், முடிந்து விரிவாகச் சொல்கிறேன் சித்தப்பா.

மீனா அத்தை: பார்ப்பது மட்டுமா? போன வருஷம் அந்தச் சின்ன ப்ரொப்பெல்லர் விமானத்தில் எடையும் சரி, அளவும் சரி. படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டு பையை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். உள்ளே என் இன்சுலின் இருந்தது. கேட்டால், இறங்கும்போது தருவோம் அம்மா என்கிறாள் அந்தப் பெண்.

அப்பா: பார்த்தாயா, விதிப்படி போனாலும் இதுதான் கதி.

ராஜி (நியூஜெர்சி): இங்கே எடை மெஷின் பக்கமே யாரும் போவதில்லை. பெரிய கம்பெனிகளில் கைப்பைக்கு எடை வரம்பே கிடையாது, அளவு மட்டும்தான். 22×14×9 அங்குலம். மேலே தூக்கி வைக்க உனக்குத் தெம்பு இருந்தால் சரி. ஆனால் யுனைடெட்டில் மிக மலிவான டிக்கெட் எடுத்து உள்ளூருக்குள் போனால் காலடியில் வைக்கிற சின்னப் பை மட்டும்தான்.

அருண் (டப்ளின்): எங்கள் ஊர்க் கதை தலைகீழ். எடையைப் பற்றிக் கவலை இல்லை, அளவில்தான் உயிரை எடுப்பார்கள். ரயன்ஏர் விமானத்தில் இலவசமாகக் கொண்டுபோக விடுவது ஒரு சின்னப் பைதான். 40×30×20 சென்டிமீட்டர். முன்பு இன்னும் சின்னது, 2025-இல்தான் 20 லிட்டரை 24 லிட்டர் ஆக்கினார்கள். விமானம் ஏறுகிற கேட்டில் ஒரு கம்பிக் கூடு வைத்திருப்பார்கள். பை அதில் இறங்காவிட்டால் 75 யூரோவரை போகும். டிக்கெட்டே சில நாள் 20 யூரோதான்.

அம்மா: டிக்கெட்டை விடப் பைக்கு அதிகமா? அநியாயம்.

அருண் (டப்ளின்): இன்னும் கேளுங்கள் அத்தை. பெரிய பையைப் பிடித்துக் கொடுக்கிற ஊழியருக்கு ஊக்கத்தொகை உண்டு. பைக்கு ஒன்றரை யூரோ, மாதத்துக்கு 80 யூரோவரை என்று இருந்தது. 2025 நவம்பரிலிருந்து அதை இரண்டரை ஆக்குகிறோம், அந்த 80 வரம்பையும் எடுக்கிறோம் என்று ரயன்ஏர் தலைவர் மைக்கேல் ஓ'லியரி வெளிப்படையாகவே சொன்னார். மறைக்கவே இல்லை.

அப்பா: போலீஸ்காரனுக்கு ஃபைனில் பங்கு கொடுக்கிற கதையாக இருக்கிறதே. கோர்ட் கேட்காதா?

அருண் (டப்ளின்): கேட்டது மாமா. நியாயமான அளவும் எடையும் உள்ள கைப்பைக்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. "நியாயமான" என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையில்தான் எல்லாரும் பிழைக்கிறார்கள். 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. ரயன்ஏருக்கு மட்டும் 10.8 கோடி. அவர்கள் வழக்குக்குப் போய்விட்டார்கள், கட்டணமும் அப்படியே இருக்கிறது.

பெரியப்பா: காலை வணக்கம். யார் எங்கே போகிறார்கள்?

மீனா அத்தை: அண்ணா, மேலே படியுங்கள்.

பிரபு அண்ணா: இப்போதுதான் டியூட்டி முடிந்தது. சித்தப்பா கேட்டதற்கு வருகிறேன். செக்-இன் பெட்டியை மெஷினில் போடும்போதே கைப்பையையும் வைக்கச் சொல்வார்கள். சரியாக இருந்தால் அதற்கு ஒரு டேக். கூடுதலாக இருந்தால் அங்கேயே பெட்டியைத் திறந்து மாற்றுங்கள் அல்லது பணம் கட்டுங்கள். முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குகிற கிலோவுக்கும் கவுன்டரில் வாங்குகிற கிலோவுக்கும் விலை வித்தியாசம் நிறைய. பின்னால் வரிசை நிற்கும்போது தரையில் உட்கார்ந்து அதிரசத்தை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பாவமாக இருக்கும்.

பிரபு அண்ணா: கேட்டில் எல்லாரையும் நிறுத்த முடியாது, நேரம் கிடையாது. தோள் ஒரு பக்கம் சாய்ந்து வருகிறவர், சட்டைப் பை எல்லாம் புடைத்திருக்கிறவர், டேக் இல்லாத பை, இவற்றின் மேல் கண் தானாகப் போகும். விமானம் நிரம்பியிருந்தால் கெடுபிடி கூடும். பாதி காலியாக இருந்தால் அதே ஆள், அதே பை, சிரித்துக்கொண்டே விட்டுவிடுவோம். டெல்லிக்குப் போகும்போது உங்களுக்கு நடந்தது அதுதான்.

அப்பா: அரை கிலோ கூடினால் விமானம் விழுந்துவிடுமா? 60 கிலோ ஆளும் 110 கிலோ ஆளும் ஒரே டிக்கெட்டில்தானே போகிறார்கள்.

பிரபு அண்ணா: விழாது. ஆளையும் கைப்பையையும் சேர்த்து ஒரு சராசரி எடை வைத்துத்தான் கணக்கு. அந்தச் சராசரி சரிதானா என்று பார்க்க ஃபின்ஏர் 2024-இல் ஹெல்சிங்கி விமான நிலையத்தில் விருப்பப்பட்ட பயணிகளைக் கைப்பையோடு எடை மெஷினில் நிற்க வைத்தது. உங்கள் அரை கிலோவுக்கு யாரும் கவலைப்படவில்லை சித்தப்பா. 180 பேர் ஏறுகிற விமானத்தில் மேலே இருக்கிற இடம் எல்லாருடைய சக்கரப் பைக்கும் போதாது. அது ஒன்று. லக்கேஜை விற்றுத்தான் மலிவு விமானங்கள் பிழைக்கின்றன. அது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது என்பது என் எண்ணம். இதை வெளியே சொல்லாதீர்கள் 🙏

பிரபு அண்ணா: அத்தை, அந்த ப்ரொப்பெல்லர் விமானத்தில் மேலே உள்ள பெட்டியே ரொம்பச் சின்னது. சக்கரப் பை நுழையாது, அதனால்தான் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் மருந்து இருக்கிறதா என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். இனிமேல் இன்சுலின் தோள் பையில் இருக்கட்டும்.

நான்: பவர் பேங்கும் அப்படித்தானே?

பிரபு அண்ணா: ஆமாம், முக்கியம். பவர் பேங்க் செக்-இன்னில் போகவே கூடாது. கேட்டில் பையை வாங்கினால் முதலில் அதை வெளியே எடுங்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் புறப்படுவதற்கு முன்னால் தரையில் நிற்கும்போதே மேலே பை வைக்கும் இடத்திலிருந்து தீப்பிடித்து எரிந்தது. அதற்கப்புறம் எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். அந்த ஏப்ரலிலிருந்து ஸ்கூட்டில் உட்கார்ந்த இடத்தில் பவர் பேங்கில் சார்ஜ் போடவும் விடுவதில்லை. சித்தப்பாவுடையது எத்தனை எம்ஏஎச்?

அப்பா: 20,000.

பிரபு அண்ணா: அது 74 வாட்-அவர். 100-க்குள் இருப்பதால் சரி. சித்தி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். நெய்யும் ஊறுகாயும் கையில் ஏறாது, வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். நன்றாகக் கட்டிப் பெட்டியில் போடுங்கள். கொப்பரை எங்கேயும் வேண்டாம்.

அம்மா: கொப்பரையில் என்ன இருக்கிறது? காய்ந்த தேங்காய்தானே.

பிரபு அண்ணா: எண்ணெய் இருக்கிறது சித்தி. தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் கொப்பரையும் உண்டு.

பெரியப்பா: சபரிமலைக்குப் போகிறவர்களைத் தேங்காயோடு விட்டார்களே?

பிரபு அண்ணா: அது இருமுடிக்கு மட்டும் அப்பா. 2024 அக்டோபரில் தனியாக அனுமதி கொடுத்தார்கள், 2025 ஜனவரி 20 வரைக்கும். சிங்கப்பூருக்கு இருமுடி கட்டிக்கொண்டு போக முடியாது.

நான்: அம்மா, கொப்பரை இங்கே தேக்கா மார்க்கெட்டிலேயே கிடைக்கும். காபிப் பொடியும் கிடைக்கும்.

அம்மா: காபிப் பொடியைப் பற்றிப் பேசாதே.

மீனா அத்தை: அண்ணி, என்னிடம் கொக்கி வைத்த எடை மெஷின் இருக்கிறது. கொண்டுவரட்டுமா?

அம்மா: வா மீனா. அப்படியே இங்கேயே சாப்பிட்டுவிடு.

மாலை 6:40

மீனா அத்தை: அண்ணி பை 13.2 கிலோ. அதில் பை மட்டும் 2.8. அந்தச் சக்கரப் பை காலியாகவே கனக்கிறது.

அருண் (டப்ளின்): துணிப் பைக்கு மாறுங்கள் அத்தை. அதிலேயே இரண்டு கிலோ மிச்சம்.

அப்பா: நான் கோட் போட்டுக்கொண்டு அதன் பைகளில் பொடி பாக்கெட்டை வைத்துக்கொண்டால்?

நான்: அப்பா, மே மாதத் திருச்சியில் கோட்டா?

பிரபு அண்ணா: கேட்டில் முதலில் உங்களைத்தான் நிறுத்துவார்கள் சித்தப்பா.

அம்மா: மாற்றிவிட்டேன். கல்சட்டியை இரண்டு போர்வைக்குள் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தாயிற்று. நெய், ஊறுகாய், காபிப் பொடி எல்லாம் கீழே. கையில் அதிரசம், முறுக்கு, மாத்திரை, ஒரு செட் துணி. துணிப் பையில் 7.9. அப்பா பை 6.

நான்: அருமை. பெட்டிகள்?

மீனா அத்தை: 19.6, 19.1. நானே இரண்டு தடவை தூக்கிப் பார்த்தேன். கை போய்விட்டது.

அப்பா: இன்னும் இடம் இருக்கிறதே. அந்த வெண்கல உருளியை…

அம்மா: வேண்டாம்.

அப்பா: பிரபு, கவுன்டரில் உன் பெயரைச் சொன்னால் ஒரு கிலோ விடமாட்டார்களா?

பிரபு அண்ணா: சொல்லாதீர்கள் சித்தப்பா. சொன்னால் இன்னொரு தடவை எடை போடுவார்கள். மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள், நான் வாசலில் நிற்கிறேன்.

அம்மா: உனக்கு அதிரசம் தனியாக டப்பாவில் வைத்திருக்கிறேன் பிரபு. அதை எடையில் சேர்க்கவில்லை, உள்ளே போவதற்கு முன்னால் வாங்கிக்கொள்.