மறு: மின் ஸ்கூட்டர் அட்டவணையில் 'ரேஞ்ச்' என்பதற்கு என்ன போடலாம்?

இரா.:
வணக்கம். மின் ஸ்கூட்டர் வாங்குவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஒப்பீட்டு அட்டவணையில் மோட்டார் திறன், உச்ச வேகம், அப்புறம் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் வண்டி ஓடும் தூரம். இந்தக் கடைசிப் பத்திக்கு (column) யாரோ முன்பே 'வீச்சு' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. பத்தி ஒடுக்கமானது, நீளச் சொல் தாங்காது.

செ.:
வீச்சு வேண்டவே வேண்டாம். அலைக்கு வீச்சு, புள்ளியியலில் வீச்சு, கணக்கில் வீச்சகம், ஏவுகணைக்கும் வீச்சுதான். ஸ்கூட்டரை யாரும் வீசுவதில்லை. என் பரிந்துரை 'சேணளவு'. சேண் என்றால் தொலைவு, சங்கப் பாடல்களில் தாராளமாக உண்டு. சேய்மை அதன் உறவு. குதிரைச் சேணமும் அந்த வேர்தான் என்பேன்: தொலைவு போகிறவன்தானே சேணம் பூட்டுவான்?

ந.:
ஐயா, ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? ஷோரூமில் போய்ச் சேணளவு கேட்டால் சீட்டின் நீளத்தைச் சொல்வார்கள். ஜனங்கள் கேட்பது 'மைலேஜ் எவ்வளவு?' அதையே போட்டால் என்ன?

இரா.:
மைலேஜ் லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்ற கணக்கு. இங்கே அதற்கு இணை, ஒரு கிலோவாட்-மணி மின்சாரத்துக்கு இத்தனை கி.மீ. பெரிய பேட்டரி வைத்தால் ரேஞ்ச் கூடும். எடையும் கூடுவதால் மைலேஜ் கூடாது, குறையவும் செய்யலாம்.

த. (யாழ்ப்பாணம்):
எங்களுக்கு முதல் பத்தியே இடிக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் உங்கள் திறன் 'வலு', உங்கள் ஆற்றல் 'சக்தி'. வேகத்தைக் 'கதி' என்று படித்தோம். நாங்கள் வேகம் என்பது உங்கள் திசைவேகம்.

இரா.:
கையேடு தமிழ்நாட்டுக்கு மட்டும், ஐயா. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ.க்கும் கீழே இருந்தால் உரிமமும் பதிவும் வேண்டாம் என்ற சட்டக் குறிப்பு வேறு இருக்கிறது. அந்த 250 வாட், அரை மணி நேரம் தொடர்ந்து தரும் திறன். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் உச்சத்திறன். ஆகவே திறனைத் தொடமாட்டேன்.

க.:
எந்த ரேஞ்சைப் போடப்போகிறீர்கள்? 2022இல் வந்த மூன்றாம் தலைமுறை ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டருக்குச் சான்றளித்த ரேஞ்ச் 146 கி.மீ. நிறுவனமே 'ட்ரூ ரேஞ்ச்' 105 என்று தனியாகச் சொன்னது. சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓடுவது ஒன்று, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறுவது வேறு. முன்னொட்டு சேர்க்கத் தோதான சொல் வேண்டும். 'செல்தொலைவு' என்றால் சான்றுச் செல்தொலைவு, சாலைச் செல்தொலைவு என்று பிரிக்கலாம்.

செ.:
செல்போன் எட்டும் தொலைவு என்று படிப்பார்கள். தவிர, புணர்ச்சி விதிப்படி செற்றொலைவு என்றல்லவா வரவேண்டும்?

ந.:
வினைத்தொகை, ஐயா. கொல்களிறு போல அப்படியே நிற்கும். என் ஓட்டு இன்னமும் மைலேஜுக்குத்தான், ஆனால் மணி பன்னிரண்டு ஆகிறது. செல்தொலைவே இருக்கட்டும்.

த.:
எனக்கும் சரி. கதியை யாரும் கவனிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரா.:
செல்தொலைவு போட்டு அனுப்பிவிட்டேன். கீழே சிறிய எழுத்தில் 'ஒரு முழு சார்ஜில், சான்றுபடி' என்று இருக்கிறது. சாலைக் கணக்கு எல்லா வண்டிக்கும் கிடைக்காததால் அந்தப் பத்தி இல்லை. செ. ஐயாவின் மறுப்பு பதிவாகியிருக்கிறது.

செ.:
பதிவு மட்டும் போதாது. சேண் பற்றித் தனி மடல் வரும். அது கிடக்கட்டும், பேட்டரியை ஏன் பேட்டரி என்றே விட்டீர்கள்? மின்கல அடுக்கு என்ன பாவம் செய்தது?