ஏர்பேக் விளக்கு அணையவில்லை, குறியீடு பி0001-13: ஏர்பேக்கையே மாற்ற வேண்டுமா?

செந்தூரம்:
இக்னிஷன் போட்டதும் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டிய ஏர்பேக் விளக்கு இப்போது அணைவதே இல்லை. பழுதுக் குறியீடுகளைப் படிக்க என்னிடமுள்ள சிறிய ஓபிடி கருவி பழுது எதுவும் இல்லை என்கிறது. ஒர்க்‌ஷாப் ஸ்கேனரில் பி0001-13 (B0001-13) வந்தது. ஓட்டுநர் ஏர்பேக் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். வண்டி எதிலும் மோதியதில்லை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

கருவிப்பெட்டி:
மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக்குக்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு; அதனுடன் பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

பி0001 என்பது ஓட்டுநர் முன்பக்க ஏர்பேக்கின் முதல்நிலை மின்சுற்று. கடைசியில் உள்ள 13, சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. எங்கே என்று அது சொல்லவில்லை. பெட்டியிலிருந்து ஏர்பேக் வரை கம்பி, மஞ்சள் கனெக்டர்கள், ஸ்டீயரிங் திரும்பினாலும் மின் இணைப்பு அறாதபடி அதற்குள் சுருண்டிருக்கும் நாடாக் கம்பியான கிளாக் ஸ்பிரிங் எல்லாம் அந்தச் சுற்றில்தான் வருகின்றன. ஹாரன் ஒழுங்காக ஒலிக்கிறதா?

செந்தூரம்:
ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஒலிக்கிறது, நேராக இருந்தால் சில நேரம் ஒலிப்பதில்லை. ஸ்டீயரிங்கில் உள்ள ஒலிப் பொத்தான்களும் அப்படித்தான்.

நெடுஞ்சாலை:
மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஏர்பேக்கின் இரண்டு முனைகளையும் அளந்தால் தெரிந்துவிடுமே. இரண்டு, மூன்று ஓம் காட்டினால் ஏர்பேக் நல்லது.

கருவிப்பெட்டி:
வேண்டவே வேண்டாம் நண்பரே. ஓம் அளக்கும்போது மீட்டர் தன் பேட்டரியிலிருந்து மின்னோட்டத்தை அனுப்புகிறது. உள்ளே இருப்பது வெடிமருந்து, அது பற்றிக்கொள்ளலாம். ஏர்பேக்கை யாரும் மீட்டரால் தொடக் கூடாது.

செந்தூரம், உங்கள் ஹாரனே பாதி விடை சொல்லிவிட்டது. ஹாரன், பொத்தான்கள், ஏர்பேக் மூன்றும் கிளாக் ஸ்பிரிங் வழியாகத்தான் போகின்றன. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் இப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரியின் எதிர்மின் (−) முனையைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி வடிய நேரம் பிடிக்கும். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் பாருங்கள், வண்டிக்கு வண்டி மாறும். பிறகு ஏர்பேக்கைக் கழற்றி, மூடி மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, அதன் கனெக்டரில் இரண்டு ஓம் அளவிலான சோதனை மின்தடையைச் செருகி, பேட்டரியை இணைத்து மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டும். குறியீடு பழைய பழுதாக (இப்போது இல்லை, பதிவில் மட்டும் உள்ளது என்று) மாறினால் ஏர்பேக்கைச் சந்தேகியுங்கள். அப்படியே நின்றால் பேட்டரியை மீண்டும் கழற்றிக் காத்திருந்து, கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழேயுள்ள கனெக்டரில் அதே மின்தடையைச் செருகிப் பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் கேட்டால் முகம் சுளிக்கும் ஒர்க்‌ஷாப்பிடம் ஏர்பேக் வேலையே கொடுக்காதீர்கள்.

அதுவரை, விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று எண்ணியே ஓட்டுங்கள்.

செந்தூரம்:
வேறொரு மெக்கானிக் செய்து பார்த்தார். மேலே ஏர்பேக் கனெக்டரில் செருகியபோது குறியீடு அப்படியே இருந்தது, கீழே செருகியதும் பழைய பழுதாக மாறியது. கிளாக் ஸ்பிரிங்தான். புதியதைப் போடும்போது கவனிக்க வேண்டியது உண்டா?

கருவிப்பெட்டி:
முன்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். புதியதில், நாடாவை நடுவில் நிறுத்திப் பிடிக்கும் நடுநிலைப் பூட்டு இருந்தால், பொருத்தும் வரை அதை எடுக்கக் கூடாது. நடுநிலை தவறினால், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்ளிருக்கும் நாடா அறுந்து இதே குறியீடு திரும்பி வரும். வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்துவிட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பி மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.