இதய ஆபரேஷன் முடித்த பிள்ளையின் பெற்றோர் யாராவது வர முடியுமா?

வணக்கம். என் மகளுக்கு 9 வயது, டவுன் சிண்ட்ரோம். அவள் பிறந்தபோது எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இப்போது புதிதாகக் குழந்தை பிறந்த வீடுகளுக்குப் போய்ப் பேசுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் 20 நாள் குழந்தை, அதற்கும் டவுன் சிண்ட்ரோம். எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தில் ஓட்டை தெரிந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும், பெரும்பாலும் ஆபரேஷனில் சரிசெய்துவிடலாம் என்றேன். ஆனால் என் மகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, என் வார்த்தை போதவில்லை. கிரகணத்தில் வெளியே போனதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லச் சொல்ல, குழந்தையின் அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதல், அவ்வளவுதான். அவள் தப்பே இல்லை.

ஆபரேஷனைக் கடந்து வந்தவர்கள், முக்கியமாக ஒரு அப்பா (கணவர் வாயே திறப்பதில்லை), ஞாயிற்றுக்கிழமை என்னோடு வர முடியுமா? பஸ் செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்.