மறு: ‘செயின் மைக்ரேஷன்’ தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம். நம் சொற்பட்டியலில் ‘செயின் மைக்ரேஷன்’ என்பதற்கு அண்ணா எழுதியது:

> ‘சங்கிலி இடப்பெயர்வு’ போதும். எல்லோருக்கும் புரிகிறது.

அண்ணா, எனக்கு அதில்தான் தயக்கம். சங்கிலி என்றதும், ஒரே ஆள் கிராமத்திலிருந்து நெல்லை, அங்கிருந்து சென்னை, பிறகு மும்பை என்று கண்ணி கண்ணியாக நகர்வதாகத் தோன்றுகிறது. அது ‘ஸ்டெப் மைக்ரேஷன்’; வேறு கருத்து. நாம் பேசுவது, முன்னே போனவர் பின்னே வருகிறவர்களைக் கூட்டிக்கொள்வதை.

இங்கே மும்பையில் தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் தோல் பதனிடும் வேலைக்கு வந்து குடியேறினார்கள். ஊரில் பிழைப்பில்லை, மும்பையில் வேலை உண்டு. சரி, ஊரைவிட்டுத் தள்ளும் உந்து காரணியும் நகருக்கு இழுக்கும் ஈர்ப்புக் காரணியும் அதோடு முடிந்துவிடுகின்றன. ஏன் தாராவிக்கே வந்தார்கள்? அலுவலக வேலைக்கு வந்த தமிழர்கள் ஏன் மும்பையின் இன்னொரு பகுதியான மாட்டுங்காவில் கூடினார்கள்? சௌராஷ்டிரத்துக் குயவர்கள் ஏன் தாராவிக்குள்ளேயே கும்பார்வாடாவில் சேர்ந்தே இருக்கிறார்கள்? முதலில் வந்தவர் ஊருக்குச் செய்தி அனுப்புவார், வந்தவருக்குப் படுக்க இடம் கொடுப்பார், தான் வேலை பார்க்கும் இடத்தில் சொல்லிச் சேர்த்துவிடுவார். இதில் சாதிக்கும் பெரிய பங்கு உண்டு. அதை ஒதுக்கிவிட்டு மும்பையின் வரைபடத்தை விளக்க முடியாது.

ஆய்வாளர்கள் ஜான் மெக்டொனால்டும் லியாட்ரிஸ் மெக்டொனால்டும் அமெரிக்காவுக்குப் போன இத்தாலியரைப் பற்றி 1964-ல் எழுதியபோது தந்த வரையறையும் இதுவே: வாய்ப்பு பற்றிய தகவல், பயண ஏற்பாடு, முதல் தங்குமிடம், முதல் வேலை எல்லாம் ஏற்கெனவே போனவர்களின் நெருக்கத்தால் கிடைப்பது.

ஆகவே என் பரிந்துரை ‘தொடர்புவழிக் குடிபெயர்வு’. நம் குழுவின் பெங்களூர் அக்கா சொன்ன ‘உறவுவழி’ இன்னும் அழகு. ஆனால் அதில் ஊர்க்காரரும் உடன் வேலை பார்த்தவரும் விடுபட்டுப் போகிறார்கள். ‘ஸ்டெப்’புக்குப் ‘படிவழிக் குடிபெயர்வு’ என்று வைத்தால் இரண்டும் குழம்பாது.

அப்புறம் ‘சர்க்குலர் மைக்ரேஷன்’, அதாவது வேலைக்குப் போவதும் ஊர் திரும்புவதுமாக இருப்பது. இதற்குக் ‘குடிபெயர்வு’ ஒட்டவே இல்லை. கட்டட வேலைக்கு வந்து, மழை தொடங்கியதும் விதைப்புக்கு ஊர் திரும்புகிறவருக்குக் குடி இன்னும் ஊரில்தான். ரேஷன் அட்டையும் ஓட்டும் பெரும்பாலும் அங்கேதான். ‘சுழற்சி’ என்பதும் எந்திரத்தனமாக இருக்கிறது. ‘சென்றுமீள் பெயர்வு’ என்று எழுதிப் பார்த்தேன். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். சொற்பட்டியலில் அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.