மன்னார்குடியிலேர்ந்து குற்றாலம்: நடவுக்கும் களைக்கும் நடுவுல நாலு நாள்

பாமணிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் கிராமம். குறுவை நடவு வர்ற வாரம் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் முதல் களை வரைக்கும் பத்துப் பன்னெண்டு நாள் கையில இருக்கு. தண்ணி பாத்துக்க தம்பி இருக்கான். அதுல நாலு நாள் அப்பா அம்மாவைக் குற்றாலம் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்.

அப்பாவுக்கு 71. ரெண்டு முட்டியும் தேய்மானம், படி ஏறுனா 'கடக்'குனு சத்தம் நமக்கே கேக்கும். அம்மாவுக்கு 66, பிரஷர் மாத்திரை போடுறாங்க. கல்யாணமான புதுசுல குற்றாலம் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவரு, இன்னும் கூட்டிட்டுப் போயிக்கிட்டே இருக்காரு. அம்மா அதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாம விடமாட்டாங்க. நான் பேச்செடுத்தா அப்பா, "பம்புசெட்டுல விழாத தண்ணியாடா அங்க விழுது?"ங்கறாரு.

எந்த அருவி இவங்களுக்குத் தோதுப்படும்? ரயிலா, காரா? குளிக்கிற நேரம் போக சுத்திப் பாக்க என்ன இருக்கு? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

குடந்தைக்காரன்:

தம்பி, நான் வருஷா வருஷம் போறவன். நீங்க சொல்ற நேரம் சரியான நேரம். நமக்கு மேட்டூர் அணை திறக்க ஜூன் 12-னு ஒரு தேதி இருக்குல்ல, குற்றாலத்துக்கும் ஏறக்குறைய அதேதான் கணக்கு. குடகுலயும் வயநாட்டுலயும் பெஞ்சு நம்ம காவேரிக்குத் தண்ணி குடுக்கிற அதே தென்மேற்குப் பருவமழைதான், ஆரியங்காவு கணவாய் வழியா எட்டிப் பாத்து அங்க சாரலா விழுது. கபினி அணை நிரம்புதுன்னு சேதி வந்தா நான் பையை எடுத்து வெச்சிடுவேன். பெரும்பாலும் ஏமாந்ததில்ல.

ரயில்னா ரெண்டு வழி. மயிலாடுதுறை-செங்கோட்டை வண்டி தினமும் இருக்கு, தஞ்சாவூர்ல ஏறிக்கலாம். மத்தியானம் ஏறினா ராத்திரிதான் சேரும், வயசானவங்களுக்கு இடுப்பு விட்டுப்போகும். இன்னொண்ணு தாம்பரம்-செங்கோட்டை. 2023-ல விட்டாங்க, வாரத்துல மூணு நாள். திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாப் போகுது. நடுராத்திரி தாண்டி ஏறிப் படுத்துட்டா முற்பகல்ல தென்காசி. உங்களுக்கு அதுதான். நேரத்தை மட்டும் ஒருதரம் பாத்துக்குங்க. தென்காசியிலேர்ந்து குற்றாலம் அஞ்சு கிலோமீட்டர், ஆட்டோ போதும்.

அருவிக்கு வர்றேன். பேரருவி ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துலேர்ந்து நேரா தலையில விழுந்தா மனுசன் நிக்க முடியுமா? நடுப்பாறையில பொங்குமாகடல்னு ஒரு பெரிய பள்ளம் இருக்கு. தண்ணி மொதல்ல அதுல விழுந்து, வேகம் செத்து, பொங்கி வழியுறதுதான் நம்ம மேல விழுது. அதனாலதான் அங்க குளிக்கவே முடியுது. மேல ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்காங்க. தண்ணி அந்த வளைவைத் தாண்டி விழுந்தா போலீஸ் விசிலடிச்சு எல்லாரையும் வெளியேத்திடும். மூணு நாளும் குளிக்கவிடலைன்னாலும் கோவிச்சுக்காதீங்க. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தனை அடிச்சிட்டுப் போயிடுச்சு. கீழ மழையே இல்லாட்டியும் மேல காட்டுல பெய்யும்.

அப்பாவுக்கு மொதல் நாள் புலியருவி. சின்னது, பிள்ளைங்களும் பெரியவங்களும் பயமில்லாம நிக்கலாம். ரெண்டாம் நாள், தைரியம் வந்தப்புறம், விடிகாலை ஐந்தருவி. சனி ஞாயிறு மட்டும் வேணாம். க்யூவுல அரை மணி நின்னு அரை நிமிசம் நனையுறதுக்குப் பம்புசெட்டே மேல், அந்த விஷயத்துல உங்கப்பா சொல்றது நியாயம். தேனருவிக்கு வனத்துறை விடுறதில்ல, "நான் கூட்டிட்டுப் போறேன்"னு எவனாவது வந்தா நம்பாதீங்க.

கடைமடைக்காரன்:

ரூம் மட்டும் போன்லயே பேசி முடிச்சிட்டுப் போங்க. போன வருஷம் ஒரு லாட்ஜுல ஒரு வாடகை சொல்லி வரச்சொல்லிட்டு, வாசல்ல எங்க பெட்டியைப் பாத்ததும் அதுல பாதியை மேல ஏத்துனாங்க. கேட்டா "இன்னைக்கு சாரல் நல்லா இருக்கு சார்"ங்கறான். சாரலுக்கு வாடகை. அப்புறம் குரங்கு. கையில பாலித்தீன் பை தொங்குச்சுன்னா அது அவங்களுக்குன்னு அர்த்தம்.

செங்கோட்டை மருமகள்:

நான் திருவையாத்துல பொறந்தவ, வாக்கப்பட்டது செங்கோட்டை. அம்மாவுக்கு வேண்டியதை நான் சொல்றேன் தம்பி, ஆம்பளைங்களுக்கு இது தோணாது.

தோடு, மாட்டல், செயின் எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டி வெச்சிட்டு வரச்சொல்லுங்க. தாலிக்கு ரெண்டு நாளைக்கு மஞ்சக்கயிறு போதும். எங்க அத்தைக்கு ஐந்தருவியில ஒரு பக்கத்துத் தோடு போச்சு. மத்தியானம் வரைக்கும் கல்லு கல்லாத் தடவித் தேடிட்டு, அழுதுகிட்டே ரூமுக்கு வந்து ஈரப் புடவையைப் பிழிஞ்சா, கொசுவத்துலேர்ந்து டொக்குனு விழுது! எல்லாருக்கும் அப்படி விழாது. நைலக்ஸ் புடவையும் வேணாம், காலைச் சுத்தும். கெட்டியான பருத்திச் சுடிதார் இருந்தா அதைப் போட்டுக்கட்டும். 66 வயசுல என்ன வெக்கம், அங்க எல்லாரும்தான் போட்டுக்கிறாங்க. பெண்கள் குளிக்கத் தனி இடம் இருக்கு. எண்ணெய், சோப்பு, ஷாம்பு அருவியில கூடாது, கோர்ட் தடை இருக்கு. எண்ணெய் தேச்சுக்கணும்னா வெளியில மசாஜ் கடையிலதான்.

சுத்திப் பாக்கன்னா, பண்பொழி திருமலைக்கோவிலை விட்டுடாதீங்க. படி நிறைய, ஆனா கார் மேல வரைக்கும் போகும், அப்பா முட்டிக்குக் கவலையில்ல. மேலேர்ந்து பாத்தா ஏரியும் வயலுமா விரிஞ்சு கிடக்கும், விவசாயிக்கு அதுல நேரம் போறது தெரியாது. குற்றாலநாதர் கோயில் அருவிக்குப் பக்கத்துலயே, சங்கு வடிவத்துல. நம்ம சீர்காழிப் பிள்ளை சம்பந்தர் அங்க வரைக்கும் வந்து பாடியிருக்கார். அகத்தியர் பெருமாளைச் சிவனாக்கக் கையால தலையை அமுக்கினாராம், அந்தத் தலைவலி தீரத்தான் இன்னைக்கும் சாமிக்குத் தைலக்காப்பு. நடராஜரோட அஞ்சு சபையில சித்திரசபை இங்கதான், கொஞ்சம் தள்ளித் தனியா இருக்கும். சுவர் பூரா மூலிகை வர்ணம். சிதம்பரத்துக்காரங்க பொன்னம்பலத்தைப் பாத்துப் பாத்துப் பழகிட்டு, இதைப் பாக்காமலேயே திரும்பிடுறாங்க.

தென்காசி கோபுர வாசல்ல ஒரு நிமிசம் நின்னு பாருங்க, காத்து ஆளைத் தள்ளும். கார் வெச்சா ஆரியங்காவு தாண்டி, ரோட்டோரமாவே 13 கண் ரயில் பாலம் வரும். 1904-ல மீட்டர்கேஜ் ஓட ஆரம்பிச்ச பாதை, அகலப்பாதையா மாத்தி 2018-ல மறுபடி ரயில் விட்டாங்க. திரும்புறப்போ பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் கோழியும். கடை பேரு சொல்லமாட்டேன், எங்க வீட்டுக்குள்ளயே அதுல ரெண்டு கட்சி.

குடந்தைக்காரன்:

பிரஷர் மாத்திரையைப் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். மூலிகைத் தண்ணி, எல்லாம் தீரும்னு சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்ற ஆளுங்க அங்க உண்டு. உடம்பு லேசாகுறது நெஜம். ஆனா அது தண்ணி அடிக்கிற அடியிலயும், மூணு நாள் வேலையில்லாமத் தூங்குற தூக்கத்துலயும் வர்றதுன்னு எனக்குத் தோணுது. மாத்திரை மாத்திரைதான்.

பாமணிக்கரை:

போய்ட்டு வந்தாச்சு. எல்லாருக்கும் நன்றி.

மொத நாள் பேரருவியில தடை. அப்பா வளைவையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, "மதகைத் திறந்துவிட்ட மாதிரில்ல இருக்கு"ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. புலியருவியில அம்மா எறங்குனாங்க, இவரு துண்டைப் பிடிச்சுக்கிட்டுக் கரையில. மறுநாள் விடிகாலை ஐந்தருவிக்குப் போனப்போ, நாங்க ஆட்டோவுக்குக் காசு குடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள மனுசன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போய்ட்டாரு. முக்கால் மணி நேரம் வரலை. அம்மா பெண்கள் பக்கத்துலேர்ந்து வந்து, துணி மாத்தி, டீ குடிச்சு, இன்னொரு டீயும் குடிச்சாச்சு. வெளிய வந்தவரு உதடெல்லாம் நடுங்க மொதல்ல கேட்ட கேள்வி: "இந்தத் தண்ணி எங்க போவுது? இதுல எத்தனை மா நிலம் பாயுது?"

டீக்கடைக்காரர்தான் சொன்னாரு, சிற்றாறாப் போய் சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில சேருதுன்னு. வழியில இருக்கிற அணைக்கட்டு, குளம், முறை வைக்கிறது எல்லாம் ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசுனாங்க. திருமலைக்கோவில்லயும் சாமி கும்பிட்டது ரெண்டு நிமிசம், வயலைப் பாத்தது ஒரு மணி நேரம். முட்டி சத்தம் அப்படியேதான் இருக்கு. அம்மா மட்டும் இப்போ பேச்சை மாத்திட்டாங்க: "நாப்பது வருஷம் முன்னாடியே வந்திருந்தா இவரை அப்பவே அங்க விட்டுட்டு வந்திருப்பேன்."

ஒரு சந்தேகம். அப்பா ரம்புட்டான் கன்னு ரெண்டு வாங்கியாந்து கொல்லையில வெச்சிருக்காரு. நம்ம களிமண்ணுல வருமா?

செங்கோட்டை மருமகள்:

மலையடிவாரத்துச் செடி தம்பி, அங்க காத்துலயே ஈரம் இருக்கும். வெச்சது வெச்சாச்சு, மண்ணைக் கொத்தி மணலும் எருவும் போட்டு மேடாக்கி வைக்கச் சொல்லுங்க. ஐப்பசியில தண்ணி தேங்குச்சுன்னா வேர் அழுவிடும்.

கடைமடைக்காரன்:

எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. நாலு வருஷமா முட்டி உயரம்.